நாலு வயசுக் குழந்தையோட சைகான்ல நடந்து சுத்தறது எப்படி

திருச்சில இருந்து வியட்நாம்ல இருக்கற சைகானுக்கு வியட்ஜெட் நேரடி ஃப்ளைட் 2023 நவம்பர்ல ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நம்ம பக்கத்துல இருந்து குடும்பத்தோட நெறைய பேர் போறாங்க, போய் என்ன பண்றாங்கன்னா ஒரு வேன் பிடிச்சு போர்க்காலத்து கூ சி சுரங்கம் ஒரு நாள், மெக்காங் டெல்டா ஒரு நாள்னு நாள் முழுக்க வண்டிலயே உக்காந்துட்டு வந்துடறாங்க. பெரியவங்களுக்கு அது சரி. சின்னக் குழந்தை இருந்தா மூணு மணி நேரம் வண்டில உக்காரவெக்கறதே ஒரு போராட்டம், அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும். நாங்க எங்க நாலரை வயசுப் பொண்ணோட ஆறு நாள் ஊருக்குள்ளயே நடந்தோம், அவளும் நல்லா இருந்தா நாங்களும் நல்லா இருந்தோம். எப்படிப் பண்ணோம், எங்க தப்பு பண்ணோம்னு மொத தடவ போறவங்களுக்காக வரிசையா எழுதறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரே ஒரு கணக்க மனசுல வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு ரெண்டு நடை, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு கிலோமீட்டருக்கு உள்ள. நடுவுல ரூமுக்கு வந்து தூக்கம். இது கம்மியாத் தெரியும், ஆனா ஒரு கிலோமீட்டர் நடக்க குழந்தைக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும், ஏன்னா அது நத்தையப் பாக்கும், மூடித் தெறந்து கெடக்கற ட்ரெய்னேஜ எட்டிப் பாக்கும், பூனைய தடவணும்னு நிக்கும். அந்த நேரத்தையும் சேத்துதான் நான் ஒரு கிலோமீட்டர்னு சொல்றேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வியட்நாம் இ-விசா வேணும், 90 நாள் வரைக்கும் தர்றாங்க, ஒரு தடவ போறதுக்கு 25 டாலர். குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி இ-விசா. அரசாங்க சைட்டுலயே போடுங்க, அதே மாதிரி பேரு வெச்சுகிட்டு டபுள் காசு வாங்கற சைட்டுங்க இருக்கு. குழந்தையோட பேரு பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத்து மாறாம போடணும், இனிஷியல் விவகாரத்துல நம்ம ஆளுங்க மாட்டற எடம் இதுதான்.

எடுத்துட்டுப் போக வேண்டியதுல முக்கியமானது ஸ்ட்ரோலரா, தூக்கற கேரியரான்னு கேப்பீங்க. மூணு வயசுக்கு உள்ளன்னா கேரியர்தான். அதுக்கு மேலன்னா மடக்கி தோள்ல மாட்டற மாதிரி லேசான ஸ்ட்ரோலர், அதுவும் தூங்கிட்டா படுக்கவெக்கறதுக்குத்தான், தள்ளிட்டே ஊர் சுத்தலாம்னு நெனச்சா நடக்காது. ஏன்னா நடைபாதை முழுக்க பைக் நிறுத்தி இருப்பாங்க, மிச்சம் இருக்கற எடத்துல சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு சாப்பிட்டுட்டு இருப்பாங்க, சில எடத்துல பைக் ஏறக் கூடாதுன்னு கம்பி நட்டு வெச்சிருக்காங்க, அதுக்கு நடுவுல ஸ்ட்ரோலர் நுழையாது. நாங்க பெரிய ஸ்ட்ரோலர் கொண்டு போய் ரெண்டாவது நாளே அத ஹோட்டல்ல வெச்சுட்டோம்.

செருப்பு வேண்டாம், பின்னாடி பட்டை வெச்ச சாண்டல் போடுங்க. மழை வந்தா நனையும் காயும், கிராஸ் பண்ணும்போது கழண்டு விழாது. ஹோட்டல் கார்டு ஒண்ணு, அதுக்குப் பின்னாடி உங்க ஃபோன் நம்பர நாட்டு கோடோட எழுதி, குழந்தையோட பாக்கெட்டுல தெனமும் போட்டு விடுங்க. பாக்கெட் இல்லாத கவுனா இருந்தா ஒரு சின்ன பவுச்சு. அன்னிக்கு அது என்ன கலர் சட்டை போட்டிருக்குன்னு கிளம்பும்போது ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, காணாமப் போனா காட்டறதுக்கு.

காசு விஷயம். நம்ம ஒரு ரூபா அங்க சுமார் 300 டாங். அதனால வெல பாக்கும்போது மூணு சைபர எடுத்துட்டு மூணால பெருக்கி கொஞ்சம் சேத்துக்கோங்க, 50,000 டாங்னா நம்ம 165, 170 ரூபா. இதுல ஒரே ஒரு எச்சரிக்கை, 20,000 நோட்டும் 500,000 நோட்டும் ரெண்டுமே நீலம், குழந்தைய இடுப்புல வெச்சுகிட்டு அவசரத்துல இருட்டுல எடுத்துக் குடுத்தீங்கன்னா மாறிடும். 500,000 நோட்ட தனி ஜிப்புல போட்டு வெச்சுடுங்க.

எங்க தங்கணும்

நடந்து சுத்தணும்னா பென் தான் (Ben Thanh) மார்க்கெட்டுக்கும் ஓபரா ஹவுஸுக்கும் நடுவுல தங்குங்க, வேற எங்கயும் தேட வேண்டாம். கீழ சொல்ற எடங்கள் பாதிக்கு மேல இங்க இருந்து நடந்து போற தூரம். இத எல்லாரும் குவான் 1, டிஸ்ட்ரிக்ட் 1னு சொல்வாங்க. 2025 ஜூலை 1ல இருந்து இந்த டிஸ்ட்ரிக்ட் முறையவே எடுத்துட்டாங்க, இப்ப வார்டு மட்டும்தான், அதனால மேப்புல அட்ரஸ் பாக்கும்போது பென் தான் வார்டு, சைகான் வார்டுன்னு வரும், ஆனா டாக்ஸி டிரைவர்ல இருந்து கடைக்காரம்மா வரைக்கும் இன்னும் டிஸ்ட்ரிக்ட் 1னுதான் சொல்றாங்க. ஊருக்கு அதிகாரப் பேரு ஹோ சி மின் சிட்டின்னு 1976லயே மாத்தியும் ஜனங்க வாயில சைகான் போகல பாருங்க, அதே மாதிரிதான்.

புய் வியென் தெருவுக்குப் பக்கத்துல ரூம் சீப்பா கெடைக்கும், எடுக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஸ்பீக்கர் அதிரும். லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க, குறுகலா உயரமா கட்டின சின்ன ஹோட்டல்ல சிலதுல கெடையாது, தூங்கற குழந்தையத் தூக்கிட்டு அஞ்சு மாடி ஏறணும்.

ஏர்போர்ட் ஊருக்குள்ளயே இருக்கு, சென்டர்ல இருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். குழந்தையோட எறங்கினதும் கிராப் இல்லன்னா சான் எஸ்எம் ஆப்ல கார் போட்டு வந்துடுங்க. பைக் டாக்ஸி சீப்பு, அங்க உள்ளவங்களே குழந்தைய முன்னாடி நிக்க வெச்சு ஓட்டிட்டுப் போவாங்க, அதப் பாத்துட்டு நீங்க பண்ணாதீங்க.

மணிக் கணக்கு

இத யாரும் எங்களுக்குச் சொல்லல. வியட்நாம் நம்மள விட ஒண்ணரை மணி நேரம் முன்னாடி. அங்க காலைல ஆறுன்னா உங்க குழந்தையோட உடம்புக்கு நாலரை. சைகான்ல நடக்க நல்ல நேரம் காலைல ஆறுல இருந்து எட்டரை, அதுக்கு அப்புறம் வெயில் நம்ம சென்னை வெயிலேதான், வேர்வையும் அதேதான். மொத நாளே ஆறு மணிக்கு எழுப்பினா அன்னிக்கு முழுக்க அழுகை. அதனால மொத ரெண்டு நாள் சாயங்கால நடை மட்டும் போதும். அங்க ராத்திரி பத்து மணின்னாலும் அதுக்கு எட்டரைதான், தெம்பா இருக்கும். மூணாவது நாள்ல இருந்து காலை நடைய சேத்துக்கோங்க.

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை கெடையாது, அதுல டிசம்பர் ஜனவரி நல்லா இருக்கும், ஏப்ரல் ரொம்ப சூடு. மே மாசத்துல இருந்து நவம்பர் வரைக்கும் மழைக் காலம், ஆனா அங்க மழை பெரும்பாலும் மத்தியானம் இல்ல சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டிட்டு நின்னுடும், காலைல நடக்கறவங்களுக்கு அது ஒரு தடையே இல்ல. எங்க லீவு ஜூன்ல, ஆறு நாள்ல நாலு நாள் மழை, மழையால ஒரு நடை கூட நிக்கல. டெட்ன்னு அவங்க புத்தாண்டு ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரில வரும், அப்ப நுயென் ஹுவே தெருவ பூவாலயே அலங்கரிப்பாங்க, பாக்க அழகு, ஆனா சாப்பாட்டுக் கடைங்க நெறைய மூடி இருக்கும், குழந்தைக்கு சாப்பாடு தேடி அலையணும்.

ரோடு கிராஸ் பண்றது

இதுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க, பயப்படறதுல தப்பில்ல. மொத நாள் ஹோட்டல் வாசல்ல நின்னு எதிர்ல இருக்கற கடைக்குப் போக எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. கடைசில ஒரு பாட்டி, கைல காய்கறிப் பையோட, எங்கள ஒரு பார்வை பாத்துட்டு அவங்க பாட்டுக்கு எறங்கி நடந்தாங்க, நாங்க அவங்க பின்னாடியே போயிட்டோம். அந்தப் பாட்டி நடந்த விதம்தான் பாடம்.

பைக் ஓட்டறவர் உங்களப் பாக்கறார். நீங்க இதே வேகத்துல போனா ரெண்டு செகண்டுல எங்க இருப்பீங்கன்னு கணக்குப் போட்டு உங்களுக்கு முன்னாடியோ பின்னாடியோ வளைஞ்சு போறார். அதனால மெதுவா, ஒரே வேகமா, ஒரே கோட்டுல நடக்கணும். ஓடக் கூடாது, சட்டுன்னு நிக்கக் கூடாது, முக்கியமா பின்னாடி ஒரு அடி கூட வெக்கக் கூடாது, ஏன்னா உங்க பின்னாடி போகலாம்னு முடிவு பண்ணி ஒருத்தர் ஏற்கனவே வந்துட்டு இருப்பார். நம்ம ஊர்ல நாம பண்ற வேலை, கொஞ்சம் ஓடி நடுவுல நின்னு திரும்ப ஓடறது, அது இங்க ஆபத்து.

இது பைக்குக்கு மட்டும். காரு பஸ்ஸு இப்படி வளையாது, அது வர்றது தெரிஞ்சா ரோட்டுல எறங்கவே எறங்காதீங்க, போன அப்புறம் எறங்குங்க.

குழந்தை இருந்தா இந்த முறைய அப்படியே பண்ண முடியாது. குழந்தை நிக்கும், இழுக்கும், உக்காந்துடும். அதுவும் இல்லாம அதோட உயரத்துக்கு பைக்குக்காரர் கண்ணுல சரியாப் படாது. அதனால எங்க விதி, சிக்னல் இல்லாத ரோட்ட குழந்தை நடந்து கடக்கக் கூடாது, தூக்கிக்கணும். தூக்க முடியாத வெயிட்டுன்னா ரெண்டு பெரியவங்க நடுவுல குழந்தை, ரெண்டு பேரும் மணிக்கட்ட பிடிக்கணும், விரல இல்ல, வேர்வைல விரல் வழுக்கும். எங்க வீட்டுக்காரர் வண்டி வர்ற பக்கம், நான் அந்தப் பக்கம், பாதி ரோடு தாண்டினதும் வண்டி அந்தப் பக்கத்துல இருந்து வரும்ல, அப்ப அந்தப் பக்கம் இருக்கற நான்தான் காவல். எறங்கறதுக்கு முன்னாடி கைய கீழாக்க நீட்டி உள்ளங்கையக் காட்டணும், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, வேலை செய்யுது.

சிக்னல் இருந்தா நூறு மீட்டர் சுத்தினாலும் சிக்னலுக்கே போங்க. 2025 ஜனவரி 1ல இருந்து அங்க சிக்னல் ஜம்ப் பண்ணா ஃபைன பல மடங்கு ஏத்திட்டாங்க, பைக்குக்கே 40 லட்சம் டாங்ல இருந்து 60 லட்சம் டாங் வரைக்கும், நம்ம காசுக்கு பதிமூணாயிரத்துக்கு மேல. அதனால இப்ப செவப்பு போட்டா நிக்கறாங்க. பச்சை ஆள் விளக்கு எரிஞ்சாலும் திரும்பற வண்டி வருதான்னு ஒரு தடவ பாத்துட்டு எறங்குங்க.

காலைல ஏழுல இருந்து எட்டு, சாயங்காலம் நாலரைல இருந்து ஆறரை, ஸ்கூல் ஆபீஸ் நேரம், அப்ப பெரிய ரோட்டக் கடக்கற மாதிரி எதுவும் வெச்சுக்காதீங்க. அந்த நேரத்துல டிராஃபிக் நின்னா பைக்குங்க நடைபாதை மேலயே ஏறி வரும். நடைபாதைல குழந்தைய எப்பவும் கடை பக்கம் நடத்துங்க. ஆனா கடை பக்கத்துலயும் ஒண்ணு இருக்கு, ஹெம்னு சொல்ற சந்து வாசல்ல இருந்தும் பேஸ்மென்ட் பார்க்கிங்ல இருந்தும் பைக் திடீர்னு வரும், எலெக்ட்ரிக் பைக்குக்கு சத்தமும் இல்ல. நாங்க பாப்பாகிட்ட அத ஒரு விளையாட்டா ஆக்கிட்டோம், ஒவ்வொரு சந்து வந்ததும் நின்னு எட்டிப் பாத்து "வண்டி இல்ல"ன்னு அவ சொன்னாத்தான் நாங்க நடப்போம். மூணாவது நாள் எங்களுக்கு முன்னாடியே அவ நின்னுட்டா.

இன்னொண்ணு, ஃபோன கைல வெச்சு மேப் பாத்துட்டே ரோட்டோரமா நடக்காதீங்க. பைக்ல வந்து பறிச்சிட்டுப் போறது இந்த ஊர்ல நடக்குது. கடைக்குள்ள போய் நின்னு பாத்துட்டு உள்ள போட்டுட்டு நடங்க.

மொத நடை: நுயென் ஹுவே, சாயங்காலம்

நடக்கறவங்களுக்குன்னே 2015ல போட்ட அகலமான தெரு, முக்கால் கிலோமீட்டர் கூட இல்ல. ஒரு முனைல பழைய பிரெஞ்சுக் காலத்து சிட்டி ஹால், அதுக்கு முன்னாடி ஹோ சி மின் சிலை, இன்னொரு முனைல சைகான் ஆறு. ஒரு காலத்துல இது தெருவே இல்ல, வாய்க்கால், பிரெஞ்சுக்காரங்க 1887ல மூடினாங்க. சனி ஞாயிறு சாயங்காலம் ரெண்டு பக்க ரோட்டையும் அடச்சிடுவாங்க, அப்ப குழந்தைய கைய விட்டு ஓட விடலாம், இந்த ஊர்ல இது ரொம்ப பெரிய விஷயம். மத்த நாள்ல ரெண்டு பக்கமும் வண்டி போகும், நடு மேடை மட்டும்தான் நம்மது.

ஆறு மணி வாக்குல போங்க. தரைல இருந்து தண்ணி பீச்சற எடம் இருக்கு, அது ஓடிட்டு இருந்தா உங்க குழந்தை நனையறது உறுதி, மாத்துத் துணி எடுத்துட்டுப் போங்க. சோப்பு முட்டை விக்கறவங்க, லைட் எரியற பம்பரத்த வானத்துல விடறவங்க எல்லாம் இருப்பாங்க. எட்டு மணிக்கு மேல ஆளாளுக்கு ஸ்பீக்கர் வெச்சுப் பாடுவாங்க, அதுக்குள்ள ரூமுக்கு வந்துடறது நல்லது.

ஆத்துப் பக்க முனைல தோன் டக் தாங் ரோட்ட சிக்னல்ல கடந்தா பாக் தாங் பார்க், காத்து நல்லா வரும். அங்க இருந்து வாட்டர்பஸ் போகுது, 15,000 டாங்தான். அத அன்னிக்கே பண்ண வேண்டாம், வேற ஒரு நாள் தனியா பண்ணுங்க.

நுயென் ஹுவேல இருந்து பிரியற தோன் தாட் தியெப் தெருவுல நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டின தண்டாயுதபாணி கோவில் இருக்கு. வட்டித் தொழிலுக்காக பிரெஞ்சுக் காலத்துல இங்க வந்தவங்க. அமைதியா இருக்கும், குழந்தைய உக்காரவெச்சு தண்ணி குடுக்க நல்ல எடம்.

ரெண்டாவது நடை: போஸ்ட் ஆபீஸ், புத்தகத் தெரு, காலைல

எனக்கு ரொம்பப் பிடிச்ச நடை இதுதான். போஸ்ட் ஆபீஸ் 1891ல கட்டி முடிச்சது, உள்ள ரயில்வே ஸ்டேஷன் மாதிரி வளைவான கூரை, சுவத்துல கையால வரைஞ்ச ரெண்டு பெரிய பழைய மேப்பு, ஓரத்துல மரத்துல செஞ்ச ஃபோன் கூண்டுங்க. இன்னும் நிஜமாவே தபால் வேலை நடக்கற எடம். அங்கயே போஸ்ட் கார்டும் ஸ்டாம்பும் வாங்கி குழந்தைய எழுத வெய்ங்க. பாப்பா அவ பாட்டிக்கு ஒரு படகு வரைஞ்சு பேர எழுதி, ஸ்டாம்ப அவளே ஒட்டி அனுப்பினா. அரை மணி நேரம் அசையாம உக்காந்தா, ஆறு நாள்ல அவ அவ்வளவு நேரம் உக்காந்தது அங்க மட்டும்தான்.

எதிர்ல நோத்ர தாம் சர்ச், 2017ல இருந்து மராமத்து வேலை ஓடுது, சாரம் கட்டி இருப்பாங்க, வெளிய இருந்து பாத்துட்டு நகருங்க. போஸ்ட் ஆபீஸ் பக்கத்துலயே புத்தகத் தெரு, நூத்தம்பது மீட்டர் கூட இருக்காது, வண்டி வராது, ரெண்டு பக்கமும் மரம், வரிசையா புத்தகக் கடை, படம் போட்ட குழந்தைப் புத்தகங்கள். மொழி தெரியாட்டி என்ன, படம் பாத்து நீங்களே கதை சொல்லலாம். கடைங்க எட்டு மணி வாக்குலதான் தெறப்பாங்க, அதனால மொதல்ல எதிர்ல இருக்கற 30/4 பார்க்ல உக்காந்து, பெரியவங்க ஐஸ் காபி வாங்கிக் குடிச்சுட்டு, குழந்தைய இலை பொறுக்க விட்டுட்டு, அப்புறம் போஸ்ட் ஆபீஸ், அப்புறம் புத்தகத் தெருன்னு போங்க. இந்த பார்க்கோட பேரு வியட்நாம் போர் முடிஞ்ச 1975 ஏப்ரல் 30ஐக் குறிக்குது, அன்னிக்கு டாங்கி கேட்ட ஒடச்சுகிட்டு நுழைஞ்ச அரண்மனை அந்த முனைலயே தெரியும். உள்ள போகலாம், புல்வெளில டாங்கி நிக்குது, குழந்தைங்களுக்குப் பிடிக்கும், ஆனா அறை அறையா பாக்கறதுக்கு அஞ்சு வயசுக்குக் கீழ பொறுமை இருக்காது. தோட்டம் வரைக்கும் போதும்.

மூணாவது நடை: மாரியம்மன் கோவில்ல இருந்து தாவ் தான் பார்க்

பென் தான் மார்க்கெட்டுக்குப் பின்னாடி ட்ருவாங் தின் தெருவுல மாரியம்மன் கோவில். தமிழ்நாட்டுல இருந்து வந்து குடியேறினவங்க நூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டினது, இப்ப அங்க கும்புட வர்றதுல வியட்நாம்காரங்கதான் ஜாஸ்தி. கைல ஊதுபத்தியும் பூத்தட்டுமா வந்து, பின்னாடி கல் சுவத்துல நெத்தியையும் கையையும் வெச்சு மெதுவா வேண்டுதல் சொல்றாங்க. ஒரு அம்மா அப்படி நின்னு அழுதுட்டு இருந்தாங்க. பாப்பா என்னப் பாத்து "அந்த ஆன்ட்டி நம்ம சாமிகிட்ட என்ன மொழில சொல்றாங்க"ன்னு கேட்டா, எனக்கு தொண்டை அடச்சுகிச்சு.

அதே தெருவுல நேரா நடந்தா தாவ் தான் பார்க், அரை கிலோமீட்டர் வரும். நெசமாவே பெரிய மரங்கள். அதுல எண்ணெய் மரம்னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு மரம் வானத்தத் தொடற மாதிரி நிக்கும், கோடை முடிஞ்சு காத்து அடிக்கும்போது அதோட விதைங்க ரெண்டு றெக்கையோட ஹெலிகாப்டர் மாதிரி சுத்திகிட்டே எறங்கும். நாங்க போன ஜூன்ல கீழ கொஞ்சம் கெடந்தது, பொறுக்கித் தூக்கிப் போட்டா திரும்ப சுத்தும், ஒரு மணி நேரம் போனதே தெரியல. ஊஞ்சல் சறுக்கு மரம் இருக்கற விளையாட்டு எடமும் உள்ளயே இருக்கு. காலைல கூண்டுப் பறவையக் கொண்டு வந்து மரத்துல தொங்க விட்டுட்டு காபி குடிக்கற தாத்தாக்களையும் பாக்கலாம். மொதல்ல கோவில், அப்புறம் பார்க், இந்த வரிசைய மாத்தாதீங்க, பார்க்குக்கு மொதல்ல போனா கோவிலுக்கு வராது குழந்தை.

அன்னிக்கு சாயங்காலம் பக்கத்துலயே நுயென் தி மின் காய் ரோட்டுல ரோங் வாங் தியேட்டர்ல தண்ணிப் பொம்மலாட்டம். முக்கால் மணி நேரம்தான், டிராகன் வாயில இருந்து நெஜ நெருப்பு, மீன் குதிக்கும், பாஷை புரியணும்னு இல்ல. முன் வரிசைல தண்ணி தெறிக்கும், சத்தத்துக்குப் பயப்படற குழந்தைன்னா நடுவுல உக்காருங்க.

மெட்ரோ நாள்

கால் ஓஞ்சு போற அன்னிக்கு இதப் பண்ணுங்க, எங்களுக்கு நாலாவது நாள். இந்த ஊரோட மொத மெட்ரோ 2024 டிசம்பர் 22ல தெறந்தாங்க, 14 ஸ்டேஷன், டிக்கெட் 7,000ல இருந்து 20,000 டாங். பென் தான்ல ஏறுங்க, ஸ்டேஷனே பாக்கற மாதிரி இருக்கு, மேல கண்ணாடிக் கூரை வழியா வெளிச்சம் கீழ வரைக்கும் வரும். மொத மூணு ஸ்டேஷன் சுரங்கம், பா சோன் தாண்டினதும் ரயில் சட்டுன்னு வெளிச்சத்துல மேல ஏறும், அப்ப குழந்தை ஜன்னல் பக்கம் இருக்கணும். அஞ்சாவதா வர்ற 'தான் காங்' (Tan Cang) ஸ்டேஷன்ல எறங்குங்க. லேண்ட்மார்க் 81, 461 மீட்டர் கட்டடம், அதுக்குக் கீழ ஆத்தோரமா பெரிய பார்க். அங்கதான் ஸ்ட்ரோலர் நிம்மதியா ஓடும், பைக் தொல்லை இல்ல, தரை சமமா இருக்கு. சாயங்காலம் அக்கம்பக்கத்து குழந்தைங்க எல்லாம் சைக்கிளோட வரும், பாப்பா ரெண்டு பேரோட ஒளிஞ்சு விளையாடினா, ஒரு வார்த்தை பொதுவா இல்லாம.

மிருகக்காட்சி சாலையும் ஊருக்குள்ளயே இருக்கு, 1864ல ஆரம்பிச்சது, ரொம்பப் பழசு. நிழல் நிறைய. அங்க போறன்னா அன்னிக்கு வேற நடை வெக்காதீங்க, உள்ள நடக்கறதே போதும். இந்த நாட்டுல பல எடத்துல குழந்தை டிக்கெட் வயசுக்கு இல்ல, உயரத்துக்கு, வாசல்ல கோடு போட்டு நிக்கவெச்சுப் பாப்பாங்க.

விட வேண்டியது: போர் மியூசியம். கண்டிப்பா பாக்க வேண்டிய எடம்தான், ஆனா அந்த ஃபோட்டோக்கள் சின்னக் குழந்தை பாக்கறதுக்கு இல்ல. மத்தியானம் குழந்தை தூங்கற நேரத்துல ஒருத்தர் மட்டும் போயிட்டு வாங்க, நாங்க ஆளுக்கு ஒரு நாள் அப்படிப் போனோம். சீனர்கள் வாழற சோலோன் பகுதில தியென் ஹாவ் கோவில் அழகு, ஆனா ஊதுபத்திப் புகை ஜாஸ்தி, வீசிங் இருக்கற குழந்தைன்னா வேண்டாம்.

சாப்பாடு

நம்ம குழந்தைங்களுக்கு இங்க சாப்பாடு கஷ்டம் இல்ல, அரிசி ஊருதான். வெள்ளை சோறு எங்கயும் கெடைக்கும், கூட ஒரு முட்டை பொரிச்சுத் தரச் சொல்லுங்க, ஓப் லான்னு சொன்னாப் போதும். காலைல சாவ்னு கஞ்சி விப்பாங்க, நம்ம கஞ்சிதான், கறி போட்டதும் போடாததும் இருக்கும். சோய்னு பிசுபிசுன்னு வேகவெச்ச அரிசி, பாசிப்பருப்பு தேங்காய் போட்டு, கைல வெச்சு சாப்பிட்டுட்டே நடக்கலாம். காரம் வேண்டாம்னா கோம் காய். பெரும்பாலும் மிளகாய தனியாத்தான் வெப்பாங்க, நம்மள மாதிரி உள்ள கலக்கறது கம்மி.

சைவம்னா அன் சாய்னு சொல்லணும். இத நம்ம உச்சரிப்புல சொன்னா புரியாம போகலாம், அதனால ஃபோன்ல வியட்நாம் எழுத்துல டைப் பண்ணி வெச்சுக் காட்டுங்க, கூடவே மீன் சாஸ் வேண்டாம்னும் சேத்து எழுதுங்க, ஏன்னா காய்கறி மட்டும் போட்டதுன்னு நாம நெனக்கறதுலயும் மீன் சாஸ் இருக்கும். சாய்னு போர்டு போட்ட தனி சைவக் கடைங்க ஊர் முழுக்க இருக்கு, அங்கயே போயிடறது நிம்மதி. அவங்களும் அமாவாசை பௌர்ணமி கணக்குல விரதம் இருக்கறவங்க, அன்னிக்கு சைவக் கடைல கூட்டம் தாங்காது, சீக்கிரமா போயிடுங்க.

தயிர் கேட்டா இனிப்பாத்தான் வரும். கரும்பு ஜூஸ் எங்க பாத்தாலும் இருக்கு, சின்ன எலுமிச்சை மாதிரி ஒண்ணப் பிழிஞ்சு தருவாங்க, பாப்பாவுக்கு நாங்க ஐஸ் இல்லாம வாங்கினோம். குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாது, பாட்டில்தான். பழம் தாராளமா வாங்குங்க, ரம்புட்டான், மங்குஸ்தான், வாழைப்பழம், நீங்களே உரிக்கற பழமா பாத்து.

கடைல வேலை பாக்கற பொண்ணுங்க குழந்தையப் பாத்ததும் எம் பேன்னு கொஞ்சி கன்னத்த தொடுவாங்க, தூக்கிக்கவும் வருவாங்க. அன்புதான், பயப்பட வேண்டாம். ஒருத்தங்க பாப்பாவத் தூக்கிட்டு சமையக்கட்டு வரைக்கும் போய் மீன் தொட்டியக் காட்டிட்டு வந்தாங்க, அதுக்குள்ள நாங்க சூடா சாப்பிட்டு முடிச்சோம். உங்க குழந்தைக்குப் பிடிக்கலன்னா சிரிச்சுகிட்டே உங்க பக்கம் இழுத்துக்கோங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

நடுவுல ஒதுங்கறதுக்கு, உடம்பு சரியில்லன்னா

சர்க்கிள் கே, ஃபேமிலி மார்ட், ஜிஎஸ்25 மாதிரி ஏசி கடை ரெண்டு தெருவுக்கு ஒண்ணு இருக்கும், உக்காரவும் எடம் இருக்கறது நெறைய. வெயில்ல இருபது நிமிஷம் நடந்தா பத்து நிமிஷம் உள்ள, இது எங்க பழக்கம். பாத்ரூமுக்கு காபி கடை, மால், இந்த ரெண்டையும் நம்புங்க, ஒவ்வொரு எடத்துல இருந்தும் கிளம்பறதுக்கு முன்னாடி கேக்காமலே கூட்டிட்டுப் போயிடுங்க. டிஷ்யூ எப்பவும் கைல.

ஃபார்மசிட்டி, லாங் சாவ்னு மருந்துக் கடை எங்கயும் இருக்கு. நம்ம ஓஆர்எஸ் பாக்கெட்டுக்கு அங்க பேரு ஓரெசோல், மொத நாளே ரெண்டு வாங்கி வெச்சுக்கோங்க. டயப்பர் பால்பவுடருக்கு கோன் குங்னு குழந்தைச் சாமான் கடை. நம்ம குழந்தைக்கு வழக்கமா குடுக்கற காய்ச்சல் மருந்த ஊர்ல இருந்தே அளவு குவளையோட எடுத்துட்டுப் போங்க. சென்டர்லயே லீ து ட்ராங் ரோட்டுல நீ தோங் 2ன்னு குழந்தைங்களுக்கான அரசு ஆஸ்பத்திரி, மேப்புல குறிச்சு வெச்சுக்கோங்க. ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113.

எங்க பாப்பாவுக்கு மூணாவது நாள் ராத்திரி காய்ச்சல். வெயில்ல ஒன்பதரை மணி வரைக்கும் நடத்திட்டோம், எங்க தப்பு. மறுநாள் காலை நடைய விட்டுட்டோம், இளநியும் கஞ்சியும் குடுத்து ரூம்ல படம் வரைஞ்சுட்டு இருந்தோம், சாயங்காலம் மெட்ரோ மட்டும். அதனாலதான் அந்த எட்டரை மணிய இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கடைசி நாள்

ஹோட்டல் ரூம பன்னெண்டு மணிக்குள்ள காலி பண்ணச் சொல்வாங்க, ஃப்ளைட் ராத்திரின்னா நடுவுல குழந்தைய வெச்சுகிட்டு எங்க போறது. அரை நாள் வாடகை குடுத்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ரூம வெச்சுக்க முடியுமான்னு முந்தின நாளே கேளுங்க, பாதி எடத்துக்கு மேல ஒத்துக்குவாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா எங்க ஹோட்டல்ல ஒத்துகிட்டாங்க. இல்லன்னா பைய ரிசப்ஷன்ல வெச்சுட்டு, மத்தியானம் ஏசி இருக்கற ஒரு மால்ல விளையாட விட்டு, வெயில் எறங்கினதும் வாட்டர்பஸ்ல ஒரு தடவ போயிட்டு வாங்க, மாத்துத் துணிய மட்டும் கைப்பையில வெச்சுக்கோங்க. சாயங்காலம் ஆபீஸ் விடற நேரத்துல ஏர்போர்ட் ரோடு அடச்சிக்கும், ஏழெட்டு கிலோமீட்டர்தானேன்னு இருக்காதீங்க, ஒரு மணி நேரம் வெச்சுக் கிளம்புங்க, குழந்தை கார்லயே தூங்கிடும்.